உண்ணப்படாத இரை: கிள்ளான் காகங்களும் வேட்டையின் அறமும்

உணவுக்காக அல்லாமல், தொல்லை தருகிறது என்பதற்காகவே விலங்கைச் சுட்டுக் கொல்லும் வழக்கம் மலேசியாவில் இரண்டு வடிவங்களில் நிலைத்திருக்கிறது. தோட்டப்புறங்களில் அது காட்டுப்பன்றி வேட்டை. கிள்ளான் பள்ளத்தாக்கின் நகரங்களில் அது காகச் சுடுதல். பன்றியைச் சுடுபவர் முஸ்லிமாக இருந்தால் இறைச்சியைத் தொடமாட்டார். ஆனாலும் அதை வாங்கிக்கொள்ளச் சீனரோ, தமிழரோ, பூர்வகுடியான ஓராங் அஸ்லியோ பக்கத்தில் இருப்பார். வேட்டைக்கு ஒரு சமையலறை எப்படியோ கிடைத்துவிடும். காகத்துக்கு எந்தச் சமையலறையும் இல்லை. சுட்டவர், சுடச் சொன்னவர், வேடிக்கை பார்த்தவர் என யாரும் அதை உண்ணப்போவதில்லை. ஆகவே உண்ணாத உயிரைக் கொல்வது முறையா என்ற கேள்விக்குக் கிள்ளான் காகமே கலப்பற்ற எடுத்துக்காட்டு.

அந்தக் காகம் தானாக வந்ததன்று. 1892க்கும் 1898க்கும் இடையில் இலங்கையிலிருந்து அது கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. அப்போது கிள்ளான் வட்டாரத்தில் லைபீரியக் காப்பி பயிரிடப்பட்டிருந்தது. இலையை மொட்டையடித்த புழுக்களைத் தின்னக் காகம் உதவும் என்று துரைமார் எண்ணினர். இம்முயற்சி பற்றிய குறிப்புகள் 1903இல் இலங்கையின் ‘ஸ்போலியா ஸெய்லானிகா’ ஆய்விதழில் வெளிவந்தன. எழுதியவர்களுள் செலாங்கூரின் முன்னாள் ரெசிடெண்ட் ட்ரீச்சரும், இன்றும் ஒரு தீவின் பெயரில் வாழும் தோட்ட முதலாளி கேரியும் அடங்குவர். இதற்குள் காப்பி விலை சரிந்து, அதன் இடத்தை ரப்பர் பிடிக்கத் தொடங்கியிருந்தது. காப்பியோடு காகத்தின் வேலையும் போயிற்று, காகம் போகவில்லை. பல பத்தாண்டுகள் கிள்ளானைச் சுற்றியே இருந்த அது, நகரங்கள் பெருகப் பெருகக் கோலாலம்பூருக்கும் அப்பாலும் பரவியது. தமிழ்த் தொழிலாளர்களைக் கடல் கடக்க வைத்த அதே தோட்டப் பொருளாதாரம்தான் இந்தப் பறவையையும் வேலைக்கென்று அழைத்துவந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் அதிகம் பேசாத ஒற்றுமை.

காகத்தின் மீது சொல்லப்படும் புகார்கள் பொய்யல்ல. மாலை மங்கும் நேரத்தில் தூங்குமூஞ்சி மரங்களில் நூற்றுக்கணக்கில் வந்தடையும் கூட்டத்தின் கீழ் வண்டியை நிறுத்தியவர் மறுநாள் காலையில் அதன் கூரையைப் பார்த்தாலே போதும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் பின்சந்தில், குப்பை லாரி வருவதற்கு முன்னுள்ள நேரம் காகத்துடையது. கறுப்புப் பையை ஒரு காலால் மிதித்து, முடிச்சுக்குக் கீழே அலகால் கிழித்து, இலையை வெளியே இழுத்து உதறிவிட்டு, ஒட்டியிருக்கும் சோற்றையும் மீன்முள்ளையும் பொறுக்கும். எச்சத்தில் நோய்க்கிருமிகள் உண்டு. குஞ்சு பொரித்த காலத்தில் வழிப்போக்கர் தலையைக் கொத்தும். மற்றப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் கவர்ந்து தின்னும். வந்தேறி இனம் என்ற வகையில் உயிரியலாளர்கள் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். இவற்றை முன்னிட்டு ஊராட்சி மன்றங்கள் துப்பாக்கி உரிமம் உள்ளவர்களைக் கொண்டு காகம் சுட வைத்துள்ளன. 2024இல் அரச மாநகர் மன்றமாக உயர்ந்த கிள்ளான் நகராண்மைக் கழகமும் அவற்றுள் ஒன்று. சில வேளைகளில் அது பரிசுடன் கூடிய போட்டியாகவே நடந்திருக்கிறது.

வேட்டைக்காரர்களின் மரபில் இதற்கு எதிரான ஒரு பழைய விதி உண்டு: கொன்றதை உண், உண்ணாததைக் கொல்லாதே. பல நாட்டு வேட்டைச் சமூகங்களும் ஏதோ ஒரு வடிவில் இதை ஏற்கின்றன. இதன் வலிமை பெரும்பாலும் தவறாகவே விளங்கிக்கொள்ளப்படுகிறது. உண்பதால் கொலை தூய்மையாகிவிடுகிறது என்பதல்ல அதன் பொருள். வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவே வேட்டைக்கு எல்லையாகிறது. உண்ணப்போகிறவன் அடிபட்டு ஓடிய விலங்கைத் தேடிப் போவான், நோயுற்றதை விட்டுவிடுவான், குட்டியோடு நிற்பதைச் சுட்டால் அடுத்த ஆண்டு இரை குறையும் என்று அறிவான். அறத்தின் வேலையில் பாதியைப் பசியே செய்துவிடுகிறது.

தமிழ் நீதிமரபு கொலையையும் ஊணையும் பிரித்தே பார்க்கிறது என்பதை இங்கே கருத வேண்டும். திருக்குறளின் துறவறவியலில் புலால் மறுத்தல் ஓர் அதிகாரம்; கொல்லாமை மற்றோர் அதிகாரம். புலால் மறுத்தலில் வள்ளுவர், வாங்கித் தின்பவர் இல்லையேல் விலைக்கு விற்பவரும் இரார் என்று வாதிட்டு, கொன்றவனின் பொறுப்பை உண்பவன் தோளிலும் ஏற்றுகிறார். உண்பது அங்கே கொலைக்கு நியாயமாகவில்லை, கொலைக்குக் காரணமாகிறது. இஸ்லாமிய மரபில் வேறொரு பாகுபாடு காணப்படுகிறது. புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் வரும் நபிமொழியொன்று, எங்கும் கொல்லத்தக்க தீங்குயிர்களாக எண்ணும் ஐந்தில் எலி, தேள், பருந்து, கடிக்கும் நாய் ஆகியவற்றோடு காகமும் இருக்கிறது. அதே மரபில், உண்ணும் நோக்கமின்றிச் சிட்டுக்குருவியைக் கொன்றவன் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற எச்சரிக்கையும் உண்டு. தீங்கு என்பதும் உணவு என்பதும் இரண்டு தனித்தனி அனுமதிகள். ஒன்றில்லாத இடத்தில் மற்றொன்று இருந்தாக வேண்டும், இரண்டும் இல்லாத கொலை விளையாட்டு.

அப்படியானால் காகத்துக்கு ஏதேனும் ஒரு பயன் கண்டுபிடித்துவிட்டால் சிக்கல் தீருமா? நீண்ட வால் குரங்கு விஷயத்தில் மலேசியா இதைச் சோதித்துப் பார்த்தது. நகர்ப்புறக் குரங்குத் தொல்லையைக் காரணம் காட்டி, 1984 முதல் நடப்பிலிருந்த ஏற்றுமதித் தடையை அரசு 2007இல் நீக்கியது. பிடிபடும் குரங்குகள் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் இறைச்சிக்கும் போகலாம் என்றானது. எதிர்ப்பு வலுத்ததால் 2008இல் தடை திரும்பிவந்தது. வீணாகச் சாவதைவிட எவருக்கேனும் பயன்படட்டும் என்ற வாதத்தின் பலவீனம் அப்போது வெளிப்பட்டது. தொல்லை தரும் குரங்குகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு, சந்தையின் தேவைக்கு அத்தகைய வரம்பு இல்லை. கொன்றதற்குப் பயன் தேடப் புறப்பட்டால், பயனுக்காகக் கொல்வதில் முடியும். அந்தக் குரங்கினம் 2022இல் அருகிவரும் இனங்களின் உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

கேரளம் இதைத் தலைகீழாக அணுகியது. பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022இல் அம்மாநிலம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தபோது, சுடப்பட்ட உடலைப் புதைத்தாக வேண்டும், உண்ணக் கூடாது என்றது. உண்ணாதே என்பது அங்கே ஒழுக்கக்கேடன்று, பாதுகாப்பு. இறைச்சி கிடைக்கும் என்றால் ஒவ்வொரு பன்றியும் தொல்லைப் பன்றியாகிவிடும் என்பது விதி வகுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. உழவர்கள் சிலருக்கு நல்ல இறைச்சியை மண்ணில் போடுவது பாவமாகத் தோன்றியதிலும் வியப்பில்லை.

ஆகவே உண்பதும் உண்ணாததும் இக்கேள்வியின் அச்சாணி அல்ல. பசி இட்டுவந்த எல்லையைத் தொல்லைக்கொலையில் வேறு எது இடும் என்பதே கேள்வி. அமெரிக்க மெய்யியலாளர் கேரி வார்னர் வேட்டையை மூன்றாகப் பிரித்தார்: விலங்குத் தொகையின் நலத்துக்காகச் செய்யும் சிகிச்சை வேட்டை, பிழைப்பு வேட்டை, விளையாட்டு வேட்டை. முதலாவதை விலங்கு நலவாதிகளும் ஏற்கலாம் என்பது அவர் வாதம். கிள்ளான் காகச் சுடுதல் தன்னைச் சிகிச்சை என்று சொல்லிக்கொள்கிறது. சிகிச்சை என்றால் நோய் தணிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு மிக அருகில் கிடைக்கும் சான்று சிங்கப்பூரிலிருந்து வருகிறது. அங்கே காகங்களின் தொகையைக் கணக்கிட்டு பாரி புரூக், நவ்ஜோத் சோதி முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கியை மட்டும் நம்பினால் ஆண்டுக்குப் பல்லாயிரம் பறவைகளைத் தொடர்ந்து வீழ்த்த வேண்டியிருக்கும் என்று காட்டியது. காரணம் எளிது: ஒரு நகரம் எத்தனை காகங்களைத் தாங்கும் என்பதை அதன் குப்பையே தீர்மானிக்கிறது. நூறு பறவைகள் விழுந்தால் மிஞ்சியவற்றுக்குத் தீனி கூடும், அவற்றின் குஞ்சுகள் அதிகம் பிழைக்கும், பக்கத்து வட்டாரத்துக் காகங்கள் வந்து குடியேறும். போட்டியில் எண்ணப்படுவது செத்த காகம். எண்ணப்பட வேண்டியது உயிரோடிருப்பது. தவறானதை எண்ணுவதன் விளைவை 1902இல் ஹனோயின் பிரெஞ்சு நிர்வாகம் கண்டது. எலிவாலுக்குக் காசு கொடுத்தார்கள்; வாலை மட்டும் வெட்டிக்கொண்டு எலியை விட்டுவிடுவதும், காசுக்காக எலி வளர்ப்பதும் தொடங்கிவிட்டன.

இதிலிருந்து கொல்லவே கூடாது என்ற முடிவு வராது. கொல்லத் தயங்கியதால் விளைந்த கொடுமைக்குக் கிள்ளான் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2009இல் கெத்தாம் தீவு மக்கள் தெருநாய்களைக் கொல்ல மனமின்றி, 300க்கும் மேற்பட்டவற்றைப் பிடித்து ஆளில்லாத சதுப்புத் தீவுகளில் விட்டுவந்தனர். குடிநீரும் இரையும் இல்லாத அங்கே நாய்கள் ஒன்றையொன்று தின்ற செய்தி நாட்டையே உலுக்கியது. கையில் இரத்தம் படாததால் அறம் காக்கப்பட்டதாகாது. குறிபார்த்துச் சுட்ட குண்டில் நொடியில் சாவது நஞ்சில் துடித்துச் சாவதைவிட மேல். உள்ளூர்ப் பறவைகளின் கூடுகளைக் காக்க ஒரு குறிப்பிட்ட இடத்தில் காகத்தைக் குறைப்பது, பயன் கண்கூடாக இருக்குமானால், தக்க காரணமே.

ஆனால் நகரத்தில் நடக்கும் சுடுதல் வேட்டைக்காரனின் பழைய கடமைகளை அப்படியே விட்டுவிடுகிறது. சிறுகுண்டுகள் சிதறி இறகில் பட்ட காகம் கடைவீட்டுக் கூரையிலோ பூட்டிய வளவுக்குள்ளோ விழுந்தால் எவரும் தேடிப்போவதில்லை. கூடுகட்டும் காலத்தில் தாயைச் சுட்டால் மேலே குஞ்சுகள் பட்டினியில் சாகின்றன. அவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. விலங்கு வதையை அவ்வளவு கடுமையாகக் கருதும் ஒரு நாட்டில், அரசு ஏற்பாட்டில் நடக்கும் கொலைக்கு அடிபட்டதைத் தேடும் கடமையேனும் எழுதப்பட்டிருப்பது குறைந்தபட்ச எதிர்பார்ப்பு.

சுடுபவரின் மகிழ்ச்சி தனிச் சிக்கல். ஓய்வுநாள் காலையில் தம் செலவில் தோட்டா வாங்கி வருபவர் அதில் ஒரு சுகம் காணாமல் வருவதில்லை. அந்தச் சுகமே செயலைக் குற்றமாக்கிவிடும் என்பது மிகை. பாம்பு பிடிப்பவருக்கும் தம் வேலையில் களிப்பு உண்டு. எனினும் சுகம் காண்பவர் தேவையை மதிப்பிடத் தகுதியற்றவர். எத்தனை, எங்கே, எந்த மாதத்தில் என்று முடிவுசெய்பவரும் துப்பாக்கி பிடிப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். போட்டி இந்தப் பிரிவினையை அழிக்கிறது: அதிகம் சுட்டவருக்கே கோப்பை என்றால், போதும் என்று சொல்ல யாருக்கும் காரணமில்லை.

கடைசியில் எஞ்சுவது தீனியின் பொறுப்பு. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தபோது கோலாலம்பூர் அதன் கீழ் வந்தது, செலாங்கூர் வரவில்லை. கூட்டரசுப் பிரதேசமான கோலாலம்பூரில் ஓர் ஏற்பாடு, எல்லை தாண்டினால் வேறொன்று என்றிருக்கக் காகம் மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி உண்கிறது. மூடியுள்ள தொட்டி, விடியுமுன் குப்பை எடுத்தல், ஒட்டுக்கடைகளின் மிச்சத்துக்குத் தனிக் கலம் ஆகியவை மாதாமாதம் செலவு வைக்கும். தோட்டாவின் செலவு அவற்றோடு ஒப்பிட அற்பம். தொல்லையின் காரணத்தைத் தீர்க்கும் வழி கைக்கெட்டிய தூரத்தில் இருக்க, விளைவைச் சுடுவது மலிவு என்பதால் சுடுவது கொலைக்குப் போதிய நியாயமாகாது. அமாவாசையன்று பிதிர்களுக்கென்று தமிழர் கூரையில் வைக்கும் ஒரு கவளச் சோற்றைக் காகப் பெருக்கத்துக்குக் காரணமாகச் சுட்டுவோரும் உண்டு. மாதத்தில் ஒருநாள் வைக்கும் அந்தப் பிடிச்சோறு, ஒரே ஒரு பின்சந்தின் ஓரிரவுக் குப்பைக்கும் ஈடாகாது.