கர்ணத்தின் பேனாவும் பத்தாம் வகுப்புச் சான்றும்



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவுப் பொழிவுக்காகக் கெங்கவல்லியில் கூடியிருக்கிறோம். தாத்தாவைப் பற்றிப் பேச வந்தால் வட்டமேசை மாநாட்டில் தொடங்குவது நம் வழக்கம். இந்த முறை அவர் பள்ளிக்கூடம் போன கதையில் தொடங்குவோம்.

1939இல் வெளிவந்த ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறு நூலில், கோயம்புத்தூரில் படித்த நாட்களைச் சொல்கிறார். ஏறக்குறைய நானூறு பேர் படித்த இடத்தில் பத்துப் பேர் போக மற்றவர்கள் எல்லாம் பிராமணர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சம் அவருக்கு. பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். பள்ளி விட்டதும் மற்ற மாணவர்கள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீடு போய்ச் சேருவார். விளையாட்டில்லை, கூட்டாளி இல்லை. படிப்புக்கு அவர் கட்டிய சம்பளம் அதுதான்.

அந்த மனிதர் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, பஞ்சமர் பள்ளிகளுக்குத் தனிச் சலுகைகள் தரும் அரசாணை வந்தது. அதற்கு நான்கு மாதம் முன்பு, 1892 செப்டம்பர் 30இல், பஞ்சமி நில ஆணை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கைக்குப் பின்னால் வந்தவை இந்த ஆணைகள். நில ஆணையை நாம் மேடைதோறும் பேசுகிறோம். பள்ளி ஆணையை அவ்வளவு பேசியதில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கும்: மற்றவர் கைக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு தந்த நிலம் எப்படிப் போனது?

கடன், மிரட்டல், சாராயம் எல்லாம் காரணம்தான். ஆனால் நிலம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று காட்டில், மற்றொன்று கணக்கில். காட்டில் இருந்த நிலத்தை நம் ஆட்கள் உழுதார்கள். கணக்கில் இருந்த நிலத்தைக் கர்ணம் எழுதினார். கர்ணம், மணியம் பதவிகள் பரம்பரையாக ஆதிக்க சாதி வீடுகளில் இருந்தன. பஞ்சமர் பள்ளிகளோ பெரும்பாலும் தொடக்க வகுப்புகளோடு நின்றன. கையெழுத்துப் போடத் தெரியும். எதில் போடுகிறோம் என்று படிக்கத் தெரியாது. அடங்கலைப் பார்த்து, தவறைக் கண்டுபிடித்து, தாசில்தாருக்கு மனு எழுதும் படிப்பு உயர்நிலைப் பள்ளியில் கிடைக்கும் படிப்பு. அதன் கதவு நமக்கு மிகத் தாமதமாகத்தான் திறந்தது.

திறந்தவர்களில் சிலரை நினைக்க வேண்டும். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். தொடங்கிய பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக வளர்த்ததும் விடுதி வைத்ததும்தான் அவருடைய பெரிய வேலை. 1907இல் மெட்ரிக் தேறிய அம்பேத்கர், வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1943இல் மத்திய அரசு வேலைகளில் 8 1/3 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு மெட்ரிக்குக்கு மேல் படிப்போருக்கு உதவித்தொகை வந்தது. அதை வாங்க முதலில் மெட்ரிக் தேறியிருக்க வேண்டும். ஊருக்கு ஒருவர்கூட அதைத் தொடாத காலம் அது.

இன்னொரு சேலத்துக் கதையும் உண்டு. சேலத்தில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, முதலமைச்சராக இருந்தபோது 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய கல்வித் திட்டம் கொண்டுவந்தார். அரை நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். நம் அப்பன்மார் தொழில் என்ன? பண்ணையம், பறை, செத்த மாடு தூக்குவது. எதிர்ப்புக் கிளம்பி 1954இல் காமராசர் ஆட்சியில் திட்டம் போனது. போகாமல் இருந்திருந்தால் இந்த மேடையில் இப்போது யார் நின்றிருப்பார்கள் என்று தெரியவில்லை.

1980 நவம்பர் நமக்கு முக்கியமான மாதம். கர்ணம், மணியம் பரம்பரைப் பதவிகள் ஒழிந்தன. கிராம நிர்வாக அலுவலர் என்ற பதவி வந்தது. தகுதி, எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி. நூறு ஆண்டு சாதிப் பேனாவை ஒரு தேர்ச்சிச் சான்று பிடுங்கியது என்றால் கொஞ்சம் மிகைதான், ஆனாலும் பிடுங்கியது. எங்கள் தெருவில் முதலில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய அண்ணன் அந்த வேலைக்கு வேறொரு ஊருக்குப் போனார். சிட்டா வாங்க அவர் முன்னால் வந்து நிற்கப் பிடிக்காதவர்கள் தலையாரியிடம் காகிதத்தைக் கொடுத்தனுப்பினார்கள். அந்தக் காகிதமும் அவர் கையெழுத்துக்குத்தான் வந்தது.

இப்போது குரூப் 4 அறிவிப்பில் அதே பத்தாம் வகுப்புத் தகுதிதான். எழுத வருபவர்களில் பட்டதாரிகளும் பொறியியல் படித்தவர்களும் நிறைந்திருக்கிறார்கள். நாம் பத்தாவதை எட்டும் நேரத்தில் பத்தாவதின் விலை குறைந்துவிட்டது. சமூகவியல் படித்த நமக்கு இதில் வியப்பில்லை, எரிச்சல் உண்டு. அதற்காகப் பத்தாவது எதற்கு என்று கேட்கிற இளைஞர்களோடு நமக்கு உடன்பாடில்லை. பிளஸ் டூவுக்கும் பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.யின் பெரும்பாலான பிரிவுகளுக்கும் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

வாசலில்தான் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு, எட்டாம் வகுப்போடு நிற்கிறது. ஒன்பதும் பத்தும் சட்டத்துக்கு வெளியே. நம் பகுதியில் மாசி, பங்குனியில் குச்சிக்கிழங்கு பிடுங்குகிற வேலையும் முழு ஆண்டுத் தேர்வும் ஒன்றாக வருகின்றன. கிழங்கு லாரி ஏறி சேகோ பேக்டரிக்குப் போகிறது. கூடவே ஒன்பதாம் வகுப்புப் பையனும் போகிறான். முன்பணம் வாங்கிய வீடாக இருந்தால் அவன் திரும்பி வருவதில்லை. வருகைப் பதிவேட்டில் சில மாதம் அவன் பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

உள்ளே இருப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த நம் பையனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. சீனிவாசன் தாத்தா பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடினார், வீடு பாதுகாப்பு என்று நம்பி. நாங்குநேரியில் பகை வீட்டுக்குள் வந்தது. அந்தப் பையன் அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேறினான் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

கடைசியாக ஒன்று. சென்ற வைகாசியில் பத்தாவது தேறிய பெண் ஒருத்தி தன் ஆயாவோடு தாலுக்கா ஆபீசுக்கு வந்தாள். நாமும் துணைக்குப் போயிருந்தோம். அ பதிவேட்டின் நகலை வாங்கி, சர்வே எண், பரப்பு, பெயர் என்று அவளே ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஆயா சொன்ன பெயர் அதில் இல்லை. வேறொரு பெயர் இருந்தது.

“யாரு ஆயா இது?” என்று கேட்டாள்.

ஆயா சொன்னார். அவள் பையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மேலே ‘அனுப்புநர்’ என்று எழுதத் தொடங்கினாள்.