முட்டுக்கட்டை: இழுக்கிறவங்க கையில் இல்லாத பிரேக்

"முட்டுக்கட்டை போடாதே"ன்னு ஆபீஸ் மீட்டிங்கில்கூடச் சொல்றோம். அந்தக் கட்டையை நிஜத்தில் பார்க்கணும்னா, பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் மயிலாப்பூர் மாட வீதிக்கு வாங்க. கபாலீஸ்வரர் தேரின் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஆப்பு வடிவ மரக்கட்டையோடு சிலர் குனிந்தபடியே நடந்து வருவாங்க. எல்லாரும் அண்ணாந்து தேரைப் பார்க்கும்போது, இவங்க பார்வை மட்டும் தரையில்.

இவங்க ஏன் தேவை? வடம் இழுக்க மட்டும்தான் உதவும், நிறுத்த உதவாது. ஆயிரம் பேர் கையை விட்டாலும் தேர் தன் வேகத்தில் வரும். அதுவும் இழுத்தவங்க மேலேயே வரும். அமெரிக்காவில் மோட்டார்ஹோம் வண்டிக்குப் பின்னால் காரைக் கட்டி இழுக்கிறவங்களுக்கும் இதே தலைவலி. அதனால், இழுபடும் காரின் பிரேக்கை அழுத்த அங்கே தனிக் கருவி விற்கிறாங்க. ரயிலில் ஒரு காலத்தில் பெட்டிக் கூரை மேல் ஆட்கள் ஓடி ஓடி பிரேக் திருகினாங்க. 1869-ல் வெஸ்டிங்ஹவுஸ் கொண்டுவந்த காற்று பிரேக்தான் அவங்களைப் படிப்படியாகக் கீழே இறக்கியது.

நம்ம ஊரில் அந்த மாற்றத்தைத் திருவாரூரில் பார்க்கலாம். ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன். ஒரு கணக்குப் போட்டேன்: நொடிக்கு ஒரு மீட்டர், அதாவது மெதுவான நடை வேகம். அந்த வேகத்திலேயே அதன் இயக்க ஆற்றல், 57 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1,200 கிலோ காருக்குச் சமம். இதை மரக்கட்டையால் நிறுத்தியிருக்காங்க! பல வருஷம் ஓடாமல் நின்ற தேர், 1970-ல் கருணாநிதி முதல்வராக இருந்தபோது மறுபடி ஓடியது. இன்று அதில் இருக்கும் இரும்புச் சக்கரம், அச்சு, ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் திருச்சி பெல் நிறுவனத்தின் கைவேலை.

அப்போ கட்டை போடுறவர் ரிடையர் ஆகிட்டாரா? இல்லை. அதுதான் எனக்குச் சுவாரஸ்யமான இடம். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது, அச்சு திரும்பாது. இடது சக்கரத்துக்குக் கட்டை போட்டால் அது தயங்கும், வலது சக்கரம் முந்தும், தேர் இடப்பக்கம் திரும்பும். ராணுவ டாங்கி திரும்புவதும் கிட்டத்தட்ட இதே லாஜிக். ஹைட்ராலிக் பிரேக் வந்தபோது நிறுத்தும் வேலையில்தான் பங்கு கேட்டது. திருப்பும் வேலை கட்டையிடமே தங்கிவிட்டது.

அந்த வேலையில் ஆபத்தும் தங்கிவிட்டது. கட்டையைச் சரியான கணத்தில், சரியான சாய்வில் சக்கரத்தடியில் தள்ளிவிட்டுக் கையை எடுக்கணும். தமிழ்நாட்டுத் தேரோட்டங்களில் அப்படிக் குனிந்த இடத்திலேயே உயிரை விட்டவங்க உண்டு. அடுத்த நாள் செய்தியில் அது பெரும்பாலும் ஒரு பத்தி.

அடுத்த பங்குனியில் போனால், தேர் மாட வீதி முனையில் திரும்பும்போது கொஞ்சம் கீழே பாருங்க. வீடியோ எடுக்கிறேன்னு சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டும் போகாதீங்க; அவர் கையை எடுக்க அந்த இடம் வேணும்.