புதுப்பாக்கம் அரசு சட்டக் கல்லூரி

சென்னைச் சட்டக் கல்லூரி 1891-இல் தொடங்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்ததால், வகுப்பு முடிந்த மாணவர் நடந்தே சென்று மூத்த வழக்கறிஞர்களின் வாதத்தைக் கேட்கலாம். தமக்கான சீனியரையும் தேடிக்கொள்ளலாம்.

2008 நவம்பர் 12 அன்று மாணவர்களிடையே நடந்த மோதலை விசாரித்த நீதிபதி பி. சண்முகம் ஆணையம், கல்லூரியை இடம் மாற்றப் பரிந்துரைத்தது. மாணவர்கள் எதிர்த்துப் போராடினர். எனினும் 2018-இல் கல்லூரி இரண்டாகப் பிரிக்கப்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டறைபெரும்புதூருக்கும், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் கேளம்பாக்கத்தை அடுத்த புதுப்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டது.

பட்டம் பெற்றவர் பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். ஆனால் மனு எழுதுவதும் குறுக்கு விசாரணை செய்வதும் சீனியரிடம் ஜூனியராக இருந்தால்தான் கைவரும். புதுப்பாக்கத்து மாணவருக்கு உயர் நீதிமன்றம் தொலைவாகிவிட்டது. செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் அமர்ந்து வழக்குகளைக் கவனிப்பது அவர்களுக்கு உள்ள வழிகளுள் ஒன்று.