பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமம்: பொதுமண்டபம் ஒன்றின் எதிர்காலத்தை முடிவுசெய்வோர் யார்?

முன்னுரை

செராஸ் முதல் கிள்ளான் வரை தமிழர் எழுப்பிய பொதுமண்டபங்கள் பல இன்று முதுமையடைந்துள்ளன. அவற்றைப் பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா என்னும் வினாவுடன், முடிவெடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாவும் எழுகிறது. இவ்வினா வெளிப்படையாக விவாதிக்கப்பட்ட நிகழ்வாக, பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமம் தொடர்பில் 2014இல் எழுந்த சர்ச்சையைக் குறிப்பிடலாம். இக்கட்டுரை அதனை ஆராய முற்படுகிறது.

தோற்றமும் பயன்பாடும்

செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், பின்னர் இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. அங்கு எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணியாற்ற யாழ்ப்பாணத் தமிழர் பலர் வந்தனர். சுவாமி விவேகானந்தர் மறைந்து இரண்டே ஆண்டுகளில், 1904இல், இலங்கைத் தமிழர் இவ்வாசிரமத்தை நிறுவினர். சமய வகுப்பு, சொற்பொழிவு, தமிழ்க்கல்வி ஆகியவற்றின் நிலைக்களனாக அது விளங்கியது. எனவே, பெயரால் ஆசிரமமாயினும் பயனால் அது ஓர் ஊர்ப்பொது மண்டபமே எனலாம்.

2014ஆம் ஆண்டுச் சர்ச்சை

2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டபின் இவ்வட்டாரத்தின் நிலமதிப்பு பெரிதும் உயர்ந்தது. இச்சூழலில், ஆசிரம வளாகத்தில் 23 மாடி அடுக்ககம் கட்டும் திட்டத்தை அறங்காவலர் முன்வைத்தனர். பழைய கட்டடம் காக்கப்படும் என்றும், வருவாய் கல்விப்பணிக்குப் பயன்படும் என்றும் அவர்கள் விளக்கினர். இவ்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. பள்ளிகளைத் தாங்குவதற்கும் பழங்கட்டடத்தைப் பேணுவதற்கும் பணம் வேண்டும். ஆயினும், உயர்கோபுரத்தின் நிழலில் எஞ்சும் முகப்பு மட்டும் மரபாகிவிடாது என்று பொதுமக்கள் எதிர்த்தனர். அதே ஆண்டில் அரசு பாதுகாப்பு நடவடிக்கையில் இறங்கியது. அடுக்ககம் எழவில்லை.

உரிமையும் பொறுப்பும்

மலாயாவில் தோட்டத் தமிழர் கூடிய மண்டபங்களும் வழிபட்ட கோயில்களும் பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் நிலத்தில் நின்றன. தோட்டம் கைமாறியபோது அவற்றுட் பலவும் மறைந்தன. ஆசிரமமோ தனக்குரிய நிலத்தில் நின்றது. அந்நிலவுரிமையே அதனை ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்தது. நிலம் விலையேறியபோது அதனை இடருக்கு உள்ளாக்கியதும் அவ்வுரிமையே. இம்முரண் கூர்ந்து நோக்கத்தக்கது.

2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம், உரிமையாளருக்கு முன்னறிவிப்பு அளித்து, அவர்தம் மறுப்பையும் கேட்டு, ஓரிடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க வழிசெய்கிறது. ஆனால் சட்டம் தானாக இயங்குவதில்லை. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த 2006ஆம் ஆண்டிலேயே, 1929இல் கட்டப்பட்ட போக் மாளிகை அம்பாங் சாலையில் இடிக்கப்பட்டது. ஆசிரமத்திற்கு வாய்த்த மக்கள் குரல் அதற்கு உரிய காலத்தில் வலுப்பெறவில்லை.

முடிவுரை

சட்டம் இடிப்பைத் தடுக்கலாம். ஒழுகும் கூரையை அது வேய்ந்து தராது. ஆகவே, மண்டபத்தைக் காக்குமாறு கோரும் சமூகம் அதன் செலவிலும் பங்கேற்க வேண்டும். அறங்காவலரும், திட்டம் வரையப்படுவதற்கு முன்னரே, பயன்படுத்துவோரைக் கூட்டிக் கணக்கையும் நிறுவன நோக்கத்தையும் முன்வைத்தல் வேண்டும். பழைய கூட்டக் குறிப்பேடுகளையும் அறக்கட்டளை ஆவணங்களையும் தொகுத்துப் பாதுகாத்தல் நம் போன்ற ஆய்வாளர், ஆசிரியர்தம் கடமையாகும். எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அறியாமல், எதுவாக மாறலாம் என்று முடிவுசெய்தல் முறையன்று. செராஸ் வட்டாரத்துச் சிறு மண்டபங்களுக்கும் இது பொருந்தும்.