கப்பலோட்டிய தமிழன் (திரைப்படம்)

‘கப்பலோட்டிய தமிழன்’ 1961 நவம்பர் 7, தீபாவளியன்று வெளிவந்த படம். பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கினார். ம. பொ. சிவஞானம் எழுதிய வ. உ. சிதம்பரனாரின் வாழ்க்கை வரலாறே கதைக்கு ஆதாரம். சிவாஜி கணேசன் வ. உ. சி.யாகவும், டி. கே. சண்முகம் சுப்பிரமணிய சிவாவாகவும், எஸ். வி. சுப்பையா பாரதியாராகவும் நடித்தனர்.

வ. உ. சி. நடத்திய கப்பல் கம்பெனியின் கதையாகவே பலர் இதை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் படத்துக்குப் பின்னால் இருக்கும் தூத்துக்குடி, கொழும்புக்குக் கப்பல் விட்ட துறைமுகம் மட்டுமல்ல. முத்துக்குளித்த அந்தக் கரையில் ஹார்வி கம்பெனியின் கோரல் பஞ்சாலையும் புகைந்துகொண்டிருந்தது. அங்கே சிறுவர்களும் வேலை பார்த்தார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வேலை, சொற்பக் கூலி, தாமதமாக வந்தால் பிரம்படி.

1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் முக்கியக் கோரிக்கைகள். கடற்கரைக் கூட்டங்களில் வ. உ. சி.யும் சிவாவும் பேசினார்கள். ஆலைக்குப் போகாதவர்களின் வீட்டில் உலை கொதிக்க ஊரே பணம் திரட்டியது. கம்பெனி பக்கம் பேசிய ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதியிலேயே கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துபோனாராம். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறையும் கிடைத்தது. மார்ச் 12 அன்று வ. உ. சி. கைதானபோது, அதே தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை அவர்கள் தங்களுக்கென்று எதையும் கேட்கவில்லை. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் முதல் அரசியல் வேலைநிறுத்தங்களுள் ஒன்றாக அதை எண்ணுவதே நியாயம்.

இந்தக் கொந்தளிப்புக்கு நடுவே படத்தில் ஒரு காதலும் உண்டு. மாடசாமியாக ஜெமினி கணேசன், கண்ணம்மாவாக சாவித்திரி. 1911இல் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் கொலை வழக்கில் தேடப்பட்டுக் கடைசிவரை பிடிபடாத ஒட்டப்பிடாரம் மாடசாமி வரலாற்று மனிதர். காதல் திரைக்கதையின் சேர்க்கை. பி. பி. ஸ்ரீநிவாஸும் பி. சுசீலாவும் பாடிய ‘காற்று வெளியிடை’ அவர்களுக்கான பாட்டு.

பாரதியின் பாடல்களே படத்தின் பாடல்கள், இசை ஜி. ராமநாதன். விடுதலைக்கு ஏங்கும் கூட்டத்துக்கும் காதலியை நினைத்து உருகும் இளைஞனுக்கும் ஒரே கவிஞனின் சொல் பொருந்துவது படத்தின் பெரிய பலம். 1949இல் சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையை எடுத்துக்கொண்டதால், அவற்றைத் தடையின்றிப் பயன்படுத்தவும் வழி இருந்தது.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. வசூல் கைகொடுக்கவில்லை, பந்துலுவுக்கு நஷ்டம்.