ரோஸ்வுட்: மரமும் ரயிலும் வளர்த்த ஊர்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், சீடர் கீ துறைமுகத்திலிருந்து ஒன்பது மைல் தொலைவில் ரோஸ்வுட் என்றொரு சிற்றூர் இருந்தது. அங்கே அடர்ந்திருந்த செந்நிற சீடர் மரத்தால் வந்த பெயர் அது. வெட்டிய மரம் ரயிலேறி சீடர் கீயின் பென்சில் ஆலைகளுக்குப் போனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் பிடித்த பென்சிலில் அந்த ஊரின் மரமும் இருந்திருக்கும். அந்த ஊரின் கதையோ அறுபது ஆண்டுகள் எழுதப்படாமல் கிடந்தது.

1890 வாக்கில் மரம் தீர்ந்தது, ஆலைகள் மூடின. வெள்ளையர் பலர் வெளியேறினார்கள். கறுப்பர்கள் தங்கினார்கள். சொந்த நிலம், தேவாலயங்கள், பள்ளி, பேஸ்பால் அணி என்று ஊரை அவர்கள் உருவாக்கிக்கொண்டார்கள். ஆண்கள் சிலர் பக்கத்துச் சம்னரின் மரம் அறுக்கும் ஆலைக்குப் போனார்கள், பெண்கள் அங்குள்ள வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தார்கள்.

1923 ஜனவரி 1 அன்று சம்னரில் ஒரு வெள்ளைப் பெண், கறுப்பர் ஒருவர் தன்னைத் தாக்கியதாகச் சொன்னார். அந்த வீட்டில் துணி துவைத்த சாரா கேரியர், அன்று காலை அங்கிருந்து வெளியேறிய வெள்ளையர் ஒருவரைப் பார்த்ததாக அவர் குடும்பத்தார் பின்னாளில் சொன்னார்கள். துவைக்கிறவளின் சொல்லை யார் கேட்பது? சேரியின் சாட்சி எடுபடாது என்பது நமக்குப் புதிதல்ல. அன்றே கொல்லர் சாம் கார்ட்டரைக் கொன்றார்கள். 4ஆம் தேதி இரவு சாராவின் வீட்டைக் கும்பல் தாக்கியது. சாரா கொல்லப்பட்டார். உள்ளிருந்தவர்கள் திருப்பிச் சுட்டதில் வெள்ளையர் இருவர் மாண்டார்கள்.

பெண்களும் குழந்தைகளும் ஜனவரிக் குளிரில் சதுப்புக்காட்டில் ஒளிந்தார்கள். மரம் ஏற்றிய அதே பாதையில் பிரைஸ் சகோதரர்கள் விடியலுக்கு முன் ரயிலை ஓட்டிவந்து, அவர்களை ஏற்றி கெய்ன்ஸ்வில்லுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களை நாம் நன்றியோடுதான் நினைக்கிறோம். ஆனால் கும்பலுக்கு அஞ்சி ஆண்களை ஏற்றவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

7ஆம் தேதிக்குள் ஊர் எரிந்து முடிந்தது. நின்றது வெள்ளைக் கடைக்காரர் ஜான் ரைட்டின் வீடு. அவரும் பலரை ஒளித்து வைத்தவர்தான். அரசுக் கணக்கில் கறுப்பர்கள் ஆறு பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் அதை ஒருபோதும் ஏற்கவில்லை. பிப்ரவரியில் கூடிய பெருநடுவர் குழு போதிய சாட்சியம் இல்லை என்றது. யார்மீதும் வழக்கில்லை.

பிழைத்தவர்கள் திரும்பவில்லை. பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளிடம்கூட வாய் திறக்கவில்லை. பயம் ஒரு காரணம். நிலத்தை இழந்த அவமானம் இன்னொன்று என்று நாம் எண்ணுகிறோம். 1982இல் ஒரு பத்திரிகையாளர் விசாரித்து எழுதிய பிறகே கதை வெளியே வந்தது. 1994இல் ஃபுளோரிடா சட்டமன்றம் சுமார் 21 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. உயிரோடிருந்த ஒன்பது பேருக்குத் தலைக்கு 1,50,000 டாலர் கிடைத்தது. ஊரைவிட்டு ஓடியபோது அவர்கள் சிறுபிள்ளைகள்.