பாரதியாரின் மொழிநடை

பாரதியாரின் மொழிநடை என்பது சி. சுப்பிரமணிய பாரதியார் (1882–1921) கவிதை, கதை, கட்டுரை, இதழ் எழுத்து ஆகியவற்றில் கையாண்ட பல நடைகளைக் குறிக்கும். கேட்பவர் யார், சொல்வது எதற்காக, வடிவம் எது என்ற மூன்றையும் ஒட்டி அவர் சொல்லையும் சந்தத்தையும் தெரிந்தெடுத்தார். ஆகவே, இலக்கிய நடையாய்வுக்கு அவர் எழுத்து சிறந்த களமாகிறது.

இலக்கண அடிப்படை

இத்தகைய ஆய்வுக்கான கருவிகள் தமிழில் தொன்மையானவை. தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பைப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழாக வகுக்கிறது. வழங்கும் மொழியில் செவ்விதாகச் சொல்லி, ஆராயத் தேவையின்றிப் பொருள் விளங்க அமைவதைப் ‘புலன்’ என்னும் வனப்பாகக் கொள்கிறது. பாரதியாரின் பாடல்கள் பலவற்றுக்கு இந்த இலக்கணம் பொருந்தும்.

கேட்போரும் வடிவமும்

‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. ஓரிரு ஆண்டு நூற்பழக்கம் உள்ளவருக்கும் பொருள் விளங்க வேண்டும், காவிய நயமும் குறையக் கூடாது என்பதை அதன் முன்னுரையில் பாரதியாரே நோக்கமாக அறிவிக்கிறார். காவியத்துக்கு வழக்கமான விருத்தத்தோடு நிற்காமல், மக்கள் பாடிப் பழகிய நொண்டிச் சிந்தைப் பெரிதும் ஆண்டது இதனால்தான். துகிலுரிதல் கதை தெருக்கூத்தின் வழியே சிற்றூர் மக்களும் அறிந்தது. கதையைப் புதிதாக விளக்கத் தேவையில்லாததால், அடிமைப்பட்ட நாட்டின் துயரைப் பாஞ்சாலியின் துயரில் உணர்த்த முடிந்தது.

‘பாப்பா பாட்டு’ சிறிய அடிகளும் வீட்டில் வழங்கும் சொற்களும் கொண்டது. திரும்பத் திரும்ப வரும் விளி, அறிவுரையைத் தாலாட்டுக்கு அருகில் கொண்டுவருகிறது. ‘புதிய ஆத்திசூடி’யும் அறிவுரைதான். ஆனால் அது மனப்பாடத்துக்கு உரியது. ஔவையாரின் அகரவரிசை அமைப்பையும் ஓரடி ஏவலையும் வைத்துக்கொண்டு புதிய கருத்துகளை ஏற்றுகிறது.

போலித் தேசபக்தரைச் சாடும் பாடலுக்குக் கிளிக்கண்ணி வடிவம். விளிக்கப்படுவது கிளி, அடிபடுபவர் வேறு. நேரே திட்டினால் வசையாகியிருக்கும். கிளியிடம் சொல்வதால் அங்கதமாகிறது. விடுதலைக் களிப்பைப் பாட உழவர் வாழ்வோடு பிணைந்த பள்ளு வடிவத்தைக் கொண்டதும் பொருளோடு ஒட்டிய தேர்வே. அந்த மகிழ்ச்சி யாருக்கு உரியது என்பதை வடிவமே சொல்லிவிடுகிறது.

உரைநடை

1904இல் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதியார், 1905இல் பெண்களுக்கான சக்கரவர்த்தினி இதழுக்கும், 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழுக்கும் ஆசிரியப் பணியாற்றினார். அவர் கட்டுரைகளில் ஜனங்கள், தேசம், தர்மம் போன்ற வடசொற்கள் மிகுதி. அக்காலப் பத்திரிகை வாசகருக்கு அவை பழகிய சொற்கள். ‘இந்தியா’வில் கேலிச்சித்திரமும் கருத்துரைக்கும் கருவியானது.

‘காட்சி’ முதலிய வசன கவிதைகளில் யாப்பை விட்டு, வேதப் பாடல்களின் போற்றி முறையைச் சிறு வாக்கியங்களில் அமைத்தார். அன்னி பெசண்டை எள்ளும் ‘பொன்வால் நரி’யை 1914இல் ஆங்கிலத்திலேயே எழுதினார், அங்கே மொழியே முதல் தேர்வு.

ஆயும் முறை

ஒரு படைப்பின் நடையை ஆய்வோர் முதலில் விளியையும் வினைமுடிவையும் கவனிக்கலாம்: யாரை அழைக்கிறது, ஏவுகிறதா, இரங்குகிறதா, எள்ளுகிறதா? அடுத்து இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் ஆகியவற்றின் அளவையும், பின்னர் சந்தத்தையும் வடிவத்தின் முன்வரலாற்றையும் நோக்கலாம். கடைசியாக ஒரு சோதனை: பாப்பா பாட்டின் கருத்தை விருத்தத்திலும், பாஞ்சாலியின் சினத்தைத் தாலாட்டு மெட்டிலும் வைத்துப் பார்த்தால் எது கெடுகிறதோ, அதுவே கவிஞரின் தேர்வு செய்த வேலை.